பென்னாகரத்தில் நான் நிறுவிய சுதந்திரம்

கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: பொட்டி ஓடும்வரை யாருக்கும் நம் ஞாபகம் வராது, நின்றால் சோற்றில் கை வைக்கும்போது போன் வரும்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பென்னாகரத்தில் செல்வம் அண்ணன் கடையில் சேர்ந்ததும், திருட்டு நகலுக்குப் பதில் கட்டற்ற மென்பொருள் போடுகிறேன் என்றேன். யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் தரலாம். "ரெண்டு பேரு புகாரோட திரும்பி வந்தா நீ கிளம்பிக்கோ" என்றார். அந்த வேலையை நம்பித்தான், பெங்களூர் கட்டட வேலைக்கு இனிப் போகவேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

பெயரை மட்டும் மாற்றினால் போதும்

அச்சகம் வைத்திருந்த ஜாபர் பாய், ஒரு வீட்டில் அண்ணனுக்கு அடித்த கல்யாணப் பத்திரிகையை எடுத்து, பெயரை மாற்றி, தம்பி பத்திரிகை ஆக்கிவிடுவார். எடுப்பது, திருத்துவது, கொடுப்பது: கட்டற்ற மென்பொருளின் கொள்கையே அதுதான் என்று பூரித்து அவருக்குப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள், பழைய மென்பொருளில் செய்த டிசைன் ஒன்றுகூடப் புதியதில் திறக்கவில்லை. முகூர்த்த மாதம் வேறு. பாய் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

"உன் சுதந்திரம் பெருசுதான் தம்பி. மொதல்ல என் பத்திரிகைய வெளிய வுடச் சொல்லு."

வரிசை

முதல் புகார் என்று செல்வம் அண்ணன் ஒரு விரலை மடக்கினார். அடுத்தது ஏரியூரில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் மகேஸ்வரி அக்காவின் லேப்டாப். உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டாத, யாரும் திருத்த முடியாத மூடிய டிரைவர் நிரல் ஒன்றைச் சேர்த்தால்தான் வைஃபை வரும். இந்தக் கொள்கையை எனக்கு ஊட்டிய கல்லூரி நண்பனுக்குப் போன் செய்தேன். "ஒரே ஒரு மூடின டிரைவரா இருந்தாலும் அடிமைத்தனம்தான்டா" என்று அரைமணி நேரம் பேசினான். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அக்கா வாசலில் நின்ற வரிசையைக் காட்டினார்.

"நெட்டே வராத பொட்டியில என்னங்க தம்பி சுதந்திரம்? ஜனங்க வெயில்ல நிக்குது, போடுங்க."

போட்டேன். நண்பன் ஒரு மாதம் பேசவில்லை.

பையோடு வந்த அக்கா

ஒருநாள் அக்கா லேப்டாப் பையோடு கடைக்குள் நுழைந்தார். இரண்டாவது விரல் என்று நான் செல்வம் அண்ணன் கையைப் பார்த்தேன். அக்கா கேட்டதோ, "தங்கச்சி லேப்டாப்லயும் இதையே போடணும், யாரையாவது கேக்கணுங்களா?" கேட்கவேண்டாம் என்று பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்து, எப்படிப் போடுவதென்றும் காட்டினேன். அவர் போனபின் செல்வம் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"புகாரோட திரும்பி வந்தா கிளம்புன்னேன். நீ யாரும் திரும்பியே வராத மாதிரி பண்ணிட்டியேடா!"

இப்போது அப்பாவுக்குப் பதில் நான் பெங்களூரில், ஒரு கம்பெனி வேலையில், ஓர் எழுத்துருவை நிறுவக்கூட மேலாளரிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்கிறேன். மகேஸ்வரி அக்கா ஏரியூரில் யாரையும் கேட்பதில்லை.