பேய்க்கதைக்கு நான் போட்ட அட்டை

போன சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டு வாசல் படலையில் நின்று தவமணி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காரணம்? நான் ஒரு பேய்க்கதை படித்ததுதான்!

நம்ப முடியவில்லையா? எனக்கும்தான். முதலிலிருந்து சொல்கிறேன்.

பத்திரிகையின் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்கு என் புதுவருடச் சபதம் ஞாபகம் இருக்கும். வருடத்துக்குப் பன்னிரண்டு புத்தகம், அதுவும் இதுவரை தொடாத வகைகளில். அதை ஏன்தான் அச்சில் சொன்னேனோ... பள்ளிக்கூடத்தில், கோயிலில், பஸ்சில், கலியாண வீட்டுப் பந்தியில் என்று கண்ட இடமெல்லாம் "எத்தினையாவது புத்தகம், ரீச்சர்?" என்று கேட்கிறார்கள்.

ஆறாவதாக ஒரு பழைய திகில் நாவலை எடுத்தேன். நூறு வயதைத் தாண்டிய கதை, தமிழ் மொழிபெயர்ப்பு, ஒல்லியான புத்தகம். மலையில் ஒரு மாளிகை, அதில் ஒரு பூட்டிய அறை, உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுகிறார்கள். இந்தக் காலத்தில் இதற்கெல்லாம் யார் பயப்படுவது என்று அலட்சியமாகத்தான் தொடங்கினேன். பத்தாவது பக்கத்திலேயே எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

கதையைவிடப் பயங்கரம் அதன் அட்டை. ரத்தம் வழிகிற வாயோடு ஒரு முகம்.

"இஞ்சரும், உந்த மூஞ்சையைக் கொண்டுபோய்ச் சாமிப்படத்துக்குக் கீழையே வைச்சிருக்கிறீர்? மனுசன் தேத்தண்ணி குடிக்கிறதில்லையோ?" என்றார் என் கணவர்.

நியாயம்தான். அட்டை போடலாம் என்று பார்த்தால், பழைய கலண்டர் தாளில் முருகன் சிரிக்கிறார். முருகனைக் கொண்டுபோய்ப் பேய்க்குப் போர்த்துவதா?

அப்போதுதான் அலுமாரி லாச்சி ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டு லாச்சியை இழுத்துத் திறந்தாலும் பத்துக் கல்வெட்டாவது இருக்கும். வெளியூர் வாசகர்கள் கல்லைத் தேடவேண்டாம். செத்தவீடு நடந்து முப்பத்தோராம் நாள், சாப்பாடு முடிந்ததும் கையில் தருகிற நினைவுப் புத்தகத்துக்குத்தான் இங்கே அந்தப் பெயர். அட்டையில் காலமானவரின் படம்; உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, நன்றி நவிலல். வாங்குவோம். படத்தைப் பார்த்து "நல்ல மனுசன்" என்போம். வீட்டுக்கு வந்து லாச்சியில் போடுவோம். நீங்கள் கடைசியாக எந்தக் கல்வெட்டை முழுதாக வாசித்தீர்கள்? சரி... விடுங்கள்.

லாச்சியில் மேலே கிடந்தது தவமணி அக்காவின் கணவருடையது. பஸ் தரிப்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற ஒழுங்கையில்தான் அவர்கள் வீடு. சிவலிங்கம் அண்ணை வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். நல்ல தடித்த, வழுவழுப்பான அட்டை. கம்பியைக் கழற்றி உருவி எடுத்தேன். நாவலுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. உள்தாள்கள் மேசையில் கிடந்து, பிறகு பழைய பேப்பர்க் கட்டோடு போய்விட்டன. யோசித்துச் செய்தேனா? இல்லை. ரத்த வாய்க்குப் பதிலாக ஒரு சிரித்த முகம் — யாருக்கு என்ன நட்டம் என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கோலத்தில் ஒரு கிழமை முழுக்க, எங்கள் ஊர் உரும்பிராயிலிருந்து பட்டணத்துக்கு மினி பஸ்சில் போகவர வாசித்தேன். முன் சீட்டிலிருந்து தவமணி அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்ததை நான் கவனிக்கவே இல்லை.

"மூண்டு தரம் கண்டனான், தங்கச்சி," என்றார் அந்தச் சனிக்கிழமை எங்கள் படலையில் நின்று. "இறங்கிற இடமும் தெரியாமல் அவரின்ரை கல்வெட்டை வாசிச்சுக்கொண்டு இருந்தனீர். ஒருக்கா நெஞ்சிலை கையும் வைச்சனீர். ஆரும் அதைப் பிரிச்சும் பாத்திருக்க மாட்டினம் எண்டுதான் நான் நினைச்சிருந்தன்."

நான் நெஞ்சில் கை வைத்தது பூட்டிய அறை திறந்த கட்டத்தில்.

"கடைசிப் பக்கமும் வாசிச்சனீரோ? முன்னுக்கு உள்ளதெல்லாம் கனடாவிலை இருக்கிற மகன் எழுதினது. கடைசிப் பக்கம் நான் எழுதினது. கடிதத்தைத் தவிர ஒண்டும் எழுதிப் பழக்கமில்லை. நீர் எழுதிற ஆள். சரியா வந்திருக்கோ, சொல்லும்."

"நாளைக்கு வீட்டை வந்து ஆறஅமரச் சொல்லுறன் அக்கா" என்று தப்பினேன்.

எத்தனை புத்தக வெளியீட்டில் வாசிக்காத புத்தகத்தைப் புகழ்ந்து பேசியிருக்கிறேன்! "நல்லா இருந்தது" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அயல் வீட்டு லாச்சிகளில் ஒரு பிரதி தேடலாமா என்றுகூட யோசித்தேன். என்ன சாட்டுச் சொல்லிக் கேட்பது?

"போய் உண்மையைச் சொல்லும். ஏச்சு விழுந்தா வாங்கிக்கொண்டு வாரும்" என்றார் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். புத்தகத்தை அப்படியே அவர் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். தவமணி அக்கா அட்டையை மெல்லக் கழற்றினார். உள்ளே அந்த ரத்த வாய்.

"உதுக்கோ போட்டனீர்?"

"ஓம் அக்கா."

ஏசியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அட்டையின் மடிப்புகளைக் கையால் நீவி மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போனார். ஒரு மட்டைப்பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது.

"முப்பத்தொண்டு அண்டைக்கு நல்ல மழை. சனம் வரேல்லை. பாதிக்கு மேலை மிஞ்சிப்போச்சு," என்று புதிய பிரதி ஒன்றை நீட்டினார். "இந்தாரும். எனக்கு முன்னாலை இருந்து வாசியும்."

வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் இருந்ததை அப்படியே தருகிறேன்:

"இவர் வேலையால் வந்தால் படலையடியிலேயே 'தவம், இருக்கிறீரோ?' என்று கேட்பார். ஓம் என்பேன். நான் எங்கே போகப்போகிறேன் என்று சில நாள் சினந்தும் இருக்கிறேன். இப்போது கோயிலால் வந்து கதவைத் திறக்கும்போது என் வாய்தான் 'இருக்கிறீங்களோ' என்று கேட்டுவிடுகிறது. அதன் பிறகு உள்ளே போகப் பயமாக இருக்கிறது. இவரைப் பற்றி இதைவிட எனக்கு எழுதத் தெரியவில்லை."

நூறு வருடத்துப் பேய், மாளிகை, பூட்டிய அறை... எல்லாம் எங்கேயோ போய்விட்டன. நான் அழுதேன். பேய்க்காக அல்ல, நிசமாகவே அந்தப் பக்கத்துக்காக.

"பிழையள் கனக்க இருக்கோ?"

"ஒரு எழுத்தும் மாத்த ஏலாது அக்கா."

"பொய்யில்லையே?"

"இல்லை அக்கா. எனக்கு உப்பிடி எழுத வராது."

அதற்குத்தான் அவர் சிரித்தார். இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதும். அட்டையைக் கழட்டின கதையையும் ஒளிக்காமல் எழுதும்" என்றார். எழுதிவிட்டேன்.

திங்கள் தொடக்கம், பின்னேரம் பஸ்சால் இறங்கி வரும்போது அந்தப் படலையில் ஒரு நிமிடம் நின்று, "தவமக்கா, இருக்கிறீங்களோ?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன். உள்ளேயிருந்து "ஓம்" என்று வரும். அவ்வளவுதான். வேறு கதை பேச்சு இல்லை.

நேற்று மழைக்கு ஓடி வந்ததில் மறந்துபோனேன். தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"தங்கச்சி... நான் இருக்கிறன்."