எலி விழுந்த பால்வாடி

குந்தாரப்பள்ளிச் சந்தையைத் தாண்டி வண்டிப்பாதையில் உள்ளே போனால் வருகிற ஓர் ஊரில் எனக்குப் பால்வாடி டீச்சர் வேலை. ஐம்பதுகளின் கடைசி அது. டீச்சருக்குச் சம்பளம் சர்க்கார் கொடுக்கும், இடத்தை ஊர் கொடுக்க வேண்டும். ஊர் கொடுத்தது, பிளேக்கில் ஆட்கள் செத்தபின் யாரும் குடியேறாத ஓட்டு வீடு. அப்போது என்னிடம் சும்மா கிடக்கிற வீடு என்று மட்டும் சொன்னார்கள். சர்க்காரும் அதற்குமேல் கேட்கவில்லை. வகுப்பும் அங்கேதான், என் படுக்கையும் அங்கேதான்.

கணவர் போனபிறகு தஞ்சாவூரில் மாமியார் வீட்டு அடுப்படியில் வெந்துகொண்டிருந்தவள் நான். இது தற்காலிக வேலை. அதிகாரி வந்து, பிள்ளைகள் வருகிறார்கள் என்று எழுதினால் நீடிக்கும். இல்லையென்றால் மறுபடி அதே அடுப்படி.

பிள்ளைகள் வந்தார்கள். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் என்னோடு வட்டமாக உட்கார்ந்து தமிழில் பாடினார்கள். பால் பவுடர் மூட்டையை எலி கடிக்கிறது என்று பிளாக் ஆபீசில் சொன்னேன். பியூன் வந்து, பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி உத்தரத்தின்மேல் எலி மருந்து வைத்துவிட்டுப் போனார்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் காலை, பாட்டு நடுவில் இருந்தபோது, மேலேயிருந்து ஓர் எலி பொத்தென்று வட்டத்துக்குள் விழுந்தது. வாயோரம் ரத்தம். ஒரு குழந்தைகூட அலறவில்லை. பாட்டு மட்டும் நின்றது.

"எலுக்கா" என்றாள், பிள்ளைகளில் கொஞ்சம் பெரியவளான ஒரு சிறுமி, தெலுங்கில், மெதுவாக. அவள் எழுந்தாள். எல்லோரும் எழுந்தார்கள். பால் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பாராமல், வரிசையாக வெளியே போனார்கள். அந்த வரிசைக்காக நான் மாதக்கணக்கில் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். அன்று யாரும் சொல்லவில்லை.

பிளேக்கை அந்தப் பிள்ளைகள் கண்டதே இல்லை. ஆனால் எலி செத்து விழுந்தால் வீட்டைவிட்டு அப்படியே போய்விட வேண்டும் என்பது அவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்திருந்தது. வெயில் ஏறுவதற்குள் ஊரே காலி. கதவுகள் திறந்து கிடந்தன. ஒரு வீட்டில் அடுப்பின்மேல் களி கொதித்துக்கொண்டிருந்தது, கிளற ஆளில்லாமல். ஏரிக்கு அப்பால், கொல்லை என்று அவர்கள் சொல்லும் மேட்டு நிலத்தில் கொட்டகை போட்டு, வேப்பிலைத் தோரணம் கட்டிவிட்டார்கள். அங்கே ஓடினேன்.

"மருந்து தின்று செத்த எலி அது, ஐயா" என்றேன் ஊர்க்கவுண்டரிடம்.

"எதுல செத்தன்னு எலி சொல்லுமாம்மா? வுழுந்துடுச்சி, அவ்ளோதான். அங்கியே நில்லுங்க. அந்த ஊட்ல படுத்து எழுந்தவங்க நீங்க. தோரணத்தத் தாண்டாதீங்க."

மறுநாள் அதிகாரி ஜீப்பில் வந்தார். வேறு வழியில்லாமல் கொல்லைக்கே அழைத்துப் போனேன். தோரணத்துக்கு இந்தப் பக்கம் நின்று நான் பாட்டை எடுத்தேன். அந்தப் பக்கம் பிள்ளைகள் பாடினார்கள். ஜீப்பிலிருந்து இறங்க ஒரு காலை வெளியே வைத்த அதிகாரி, தோரணம் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். பிளேக் என்ற சொல் முடிவதற்குள் கால் உள்ளே போய்விட்டது.

"பிள்ளைகள் இருக்கிறார்கள், பாடுகிறார்கள். போதும்மா" என்று உட்கார்ந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை நீடித்தது. எனக்குக் கூத்தாட வேண்டும்போல் இருந்தது. சந்தோஷத்தில் கையை நீட்டிக்கொண்டு தோரணத்தை நெருங்கினேன். பிள்ளைகள் அத்தனை பேரும் ஒன்றாகப் பின்வாங்கினார்கள், பாட்டை நிறுத்தாமல்.

அதன்பிறகு வேலை என்னிடம் இருந்தது, பிள்ளைகள் இல்லை. நேரம் தவறாமல் வகுப்பைத் திறந்து, தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் காலை ஏரிக்கு அப்பாலிருந்து பாட்டு வந்தது. முதல் அடியை ஒரு குரல் தனியாகப் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடினார்கள். அந்தச் சிறுமிதான். குரலில் என் தஞ்சாவூர் இழுப்பு அப்படியே இருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மூன்றாம் அடியில் எனக்கு எப்போதும் ஒரு சொல் மறந்துபோகும், நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவேன். அவளும் அந்த இடத்தில் நிறுத்தினாள். பிள்ளைகள் காத்திருந்தார்கள். பிறகு மறுபடி தொடங்கினாள்.