நிறையாத குழி

தண்ணீர் பரிசோதிக்கும் அம்மா குழாய்த் தண்ணீரைக் கையால்கூடத் தொடுவதில்லையாம். பெட்டி பெட்டியாக பாட்டில் தண்ணீர் வீட்டுக்குப் போகிறதாம். சத்தியம் செய்யாத குறையாக நாலு பேர் சொன்ன சேதி. சரி, என்னதான் நடக்கிறது என்று விசாரித்தால், பெட்டி உண்மை, பாட்டிலும் உண்மை, தண்ணீர்தான் இல்லை. அத்தனையும் காலி. காலையில் தெருக்குழாய்களில் மாதிரி பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போக வேண்டியவை. வதந்தி எங்கே புறப்பட்டது என்று பின்னாலேயே போனால், அது அவருடைய கொழுந்தனாரின் மாட்டுக்கொட்டகை வாசலில் போய் நின்றது. சொந்தக்காரரே சொன்னால் ஊர் நம்பாமல் என்ன செய்யும்?

ஊருக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அதனால் கொதிக்க வைக்கிற பாத்திரமெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் பயம்.

"வயித்துல கல்லு கட்டாதாம்மா?"

"பாத்திரத்துலதான் கட்டும். எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுத் தேய்ங்க."

பதினாறு வருடமாக இதே கேள்வி, இதே பதில்.

அவர் பயந்தது வேறொன்றுக்கு. மண்ணில் இறங்கும் மழை மெதுவாக வடிகட்டிப் போகும். சுண்ணாம்புப் பாறையிலோ சந்தும் பொந்தும் ஏராளம். மேலே விழுந்தது மறுநாளே ஊர்க் குழாய்களுக்குத் தண்ணீர் தரும் கிணற்றில். போன இரண்டு மழைக்கும் கிணற்று மாதிரியில் சாணக் கிருமி. கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று அவரே அறிவிப்பு ஒட்டினார், வீட்டிலும் கொதிக்க வைத்தார். குடிநீர் அலுவலக இன்ஜினியர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அடுத்த மழைக்கும் இப்படியே வந்தா கிணத்தை மூடிடுவோம்." மூடினால் நானூறு வீடு லாரிக்காகக் குடத்தோடு நிற்கும். அதில் அவர் வீடும் ஒன்று.

கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு சாக்கடை இல்லை, ஒரு குப்பைமேடு இல்லை. ஒரு நாள் பால் வாங்கப் போனபோது, கொழுந்தனார் குழாயைப் பிடித்துக் கொட்டகையை அலம்பிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு தண்ணியும் எங்க தம்பி போகுது?"

"பின்னாடி குழிக்குத்தான். பத்து வருஷமா ஊத்தறேன் அண்ணி, இந்த வருஷம் மாடு ரெண்டு மடங்கு, அப்பவும் ஒரு நாள் நிறைஞ்சதில்ல. ராசியான குழி!"

அண்ணி பால் செம்போடு பின்பக்கம் போய்க் குழியை எட்டிப் பார்த்தார். பத்து வருடமாக விழுங்கியதைப் பூமி எங்கே கொண்டுபோய் வைத்திருக்கும்? ஊர்க் கிணற்றில்தான் என்றார்.

"கிணறு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. என் மாடுங்க என்ன சுரங்கமா வெட்டி வச்சிருக்கு?"

"மாடு வெட்டல. மழை வெட்டி வச்சிருக்கு."

"எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டீங்க, சரி. என் பொழப்புலயும் கை வைக்கணுமா?"

பேசிப் பயனில்லை. ஊருக்குப் போகும் குழாயை ஒரு நாள் அடைத்துவிட்டு, தீங்கில்லாத பச்சைச் சாயம் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். குழியில் ஊற்றியது கொழுந்தனாரேதான். "நாளைக்குப் பச்சைப் பால் கறக்கப் போறேன், வந்து வாங்கிக்கோங்க" என்று சிரிப்பு வேறு.

மறுநாள் காலை கொழுந்தனார் ஜெயித்த முகத்தோடு கிணற்றுப் பம்ப் அறைக்கு முதல் ஆளாக வந்து நின்றார். மோட்டார் ஓடியது. தண்ணீர் தெளிவாக வந்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டார். அண்ணி மோட்டாரை நிறுத்த விடவில்லை. இந்தக் குழி இல்லையென்றால் தேட வேறு இடமும் இல்லை. பத்து நிமிடம் கழித்து இன்னொரு டம்ளர் பிடித்து வெயிலில் காட்டினார். இளந்தளிர்ப் பச்சை.

கொழுந்தனார் டம்ளரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க மிஷின் தப்பா காட்டாதா அண்ணி?"

"இதுல மிஷினே இல்ல தம்பி. டம்ளர்தான்."

அன்றே குழியை மூடச் சம்மதித்தார். சாணித் தண்ணீருக்கு அலுவலகமே சிமெண்ட் தொட்டி கட்டித் தரும், மூணே வாரம் என்று அண்ணி வாக்குக் கொடுத்த பிறகுதான். கிணற்றுக்கு மருந்து போட்டுச் சுத்தம் செய்தார்கள். அடுத்த மழை கொட்டித் தீர்த்தது. மாதிரி சுத்தமாக வந்தது. எல்லாம் தானே செய்ததுபோல இன்ஜினியர் கையெழுத்துப் போட்டார். கிணறு பிழைத்தது; ஊர் நிம்மதியாகப் பாத்திர வெள்ளைக்குப் பயப்படத் திரும்பிவிட்டது.

வாக்குக் கொடுத்து இது ஏழாவது வாரம். யாரும் மேற்பார்வை பார்க்காமலே கொழுந்தனார் தினமும் காலையில் சாணத்தைத் தள்ளுவண்டியில் அள்ளிக் காய்கறித் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறார். போகிற வழியில் அண்ணி வீட்டு வாசலில் வண்டி ஒரு நிமிடம் நிற்கும்.

"அண்ணி, என் தொட்டி?"

"இன்ஜினியர் மேசை மேல இருக்கு தம்பி."

"தொட்டியா?"

"காகிதம்."