போன் வந்தால் எழுந்து நிற்பவன்

மலையாளப் படங்களில் இப்போது வேகமாக வளர்ந்துவரும் அந்த இளம் நடிகன், படிக்க வெளிநாடு வந்த காலத்தில் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்தான். என் மனைவி வைக்கும் மீன்குழம்பின் மணம் பிடித்தே கீழே இறங்கி வருவான். எங்கள் யாழ்ப்பாணத் தமிழை எங்களிடமே பொறுக்கிக்கொண்டு என்னை ‘அண்ணை’ என்பான். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

எனக்கு ஒரு பழக்கம். ஊரிலிருந்து போன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவேன். வீட்டில் எல்லோருக்கும் அது பகிடி, பார்த்துச் சிரிப்பார்கள். காரணத்தை அவனிடம் மட்டும் சொல்லியிருந்தேன். தம்பி செத்துவிட்டான் என்று அக்கா போனில் கதறியபோது நான் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தேன். எழும்பப் பார்த்தேன், முடியவில்லை. அதற்குப் பிறகு ஊரிலிருந்து வரும் எந்த அழைப்பையும் நின்றுகொண்டுதான் கேட்கிறேன்.

“ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதை.”

“இல்லை அண்ணை,” என்றான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. நம்பினேன்.

போன மாதம் அவன் படம் இங்கே வந்தது. வீட்டுப் பிள்ளையின் படம் என்று குடும்பமாகப் போனோம். அதில் அவன் யாழ்ப்பாணத்து அகதி. போன் அடித்தால் துள்ளி எழுந்து நிற்கிறான்: பஸ்ஸில், கழிப்பறையில், கல்யாணப் பந்தியில் சோற்றுக் கையோடு. தியேட்டரே சிரிப்பில் குலுங்கியது.

“இஞ்சேருங்கோ, அப்பிடியே நீங்கள்தான்,” என்று என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்கு அவளில் கோபமில்லை. அவளுக்கு என்ன தெரியும்? இவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் செய்தான்.

வெளியே வரும்போது அவனுடைய குரல்செய்தி வந்திருந்தது. “அண்ணை, பார்த்தீங்களோ? அந்த போன் சீனுக்குத்தான் எல்லா இடத்திலும் கைதட்டு.” போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

அடுத்த ஞாயிறு மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அக்கா போன் எடுத்தாள். மகள் கோழித்துண்டைக் கையில் வைத்தபடி சிரிக்கத் தயாராக என்னையே பார்த்தாள். நான் எழும்பவில்லை.

“தம்பி, சுகமா இருக்கிறியோ?”

“ஓம் அக்கா,” என்றேன், உட்கார்ந்தபடியே. எழும்பப் பார்த்த முழங்காலை மேசைக்கடியில் சோற்றுக் கையால் அழுத்திப் பிடித்திருந்தேன்.