கிடேரிக்கு வாங்கிய புதுக் கயிறு

2024 ஜனவரி 20, சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. அடுப்பு மூட்டி, கேழ்வரகுக் கூழ் கிளறி இறக்கிவிட்டு, பிள்ளைகள் இருவரையும் எழுப்பி மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப் போனேன். விடுமுறை நாளில் எங்கள் வீட்டு ஏற்பாடு இது. எட்டு வயது மகள் கிடேரிக்குச் சாமை வைக்கோல் உருவிப் போடுவாள். ஐந்து வயது மகன் கோழிக் கூண்டைத் திறந்துவிடுவான். சாணி அள்ளுவதும் தண்ணீர் காட்டுவதும் நான். பிள்ளைகள் கூட வந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனாலும் கூட்டிப் போகிறேன். மாட்டுக்குப் பின்னால் நிற்கக் கூடாது என்பதை மாட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் கற்றுக்கொள்ள முடியும்.

கொட்டகையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறேன். அரிவாள் கூரைச் செருகலில். சாணிக் கூடை வாசலுக்கு இடப்புறம் கவிழ்த்து. ஜமுனாமரத்தூர் சந்தையில் வாங்கிய புதுக் கயிறு நடுக் கம்பத்து ஆணியில். கிடேரியின் கழுத்துக் கயிறு முடிச்சருகே நைந்து இழை இழையாகப் பிரிந்திருந்தது. அன்றைக்கு மாற்றிவிடலாம் என்றிருந்தேன். ஆணி மட்டும் இருந்தது. கயிறு இல்லை.

என் சந்தேகம் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனது. அங்கே இருப்பவர் என் கணவரின் அண்ணி. மழைக்காலத்தில் எங்கள் மண்வெட்டி அவர் வீட்டுக்குப் போய், வேறு பிடியோடு திரும்பி வந்தது. அதை நான் மறக்கவில்லை. உறைமோர் கேட்கும் சாக்கில் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். மகள் வரவில்லை. வைக்கோல் போட இன்னும் இருக்கிறது என்றாள்.

அவர் வீட்டு ஆடு புதுக் கயிற்றில்தான் கட்டியிருந்தது. உற்றுப் பார்த்தேன். நைலான் கயிறு, நீலம். எங்களுடையது நார்க் கயிறு.

"இன்னாம்மா, வந்ததுல இருந்து எங்க ஆட்டையே பாக்கிற? வாங்கப் போறியா?"

"இல்லக்கா. கயிறு நல்லாருக்கேன்னு பாத்தேன்."

"நல்லாருக்குன்னு ராவுல வந்து அவுத்துக்கினு போய்டாத!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இத்தனை பேச்சு இருக்க, கயிறு அவிழ்க்கும் பேச்சு ஏன் வந்தது என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன்.

கணவர் கீழ்க் கொல்லையில் மொச்சை பறித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, ஆணியில இருந்த கயித்த எடுத்தீங்களா?"

"எடுத்து இன்னா பண்ணப் போறேன்? உன்னக் கட்டிப் போடவா?"

எடுத்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூட்டை கட்ட எடுத்திருப்பாரோ என்று அவர் வண்டியின் பின்சீட்டைப் போய்ப் பார்த்தேன். பழைய ரப்பர் பட்டைதான் கட்டியிருந்தது.

அப்போதுதான் மகள் இன்னும் கொட்டகையை விட்டு வரவில்லை என்பது உறைத்தது. மொச்சை பறிக்கிற நாளில் முதல் ஆளாக ஓடி வருகிறவள். திரும்பிப் போய்ப் பார்த்தேன். வைக்கோல் போரில் எப்போதும் வாசல் பக்கம் உருவுகிறவள், அன்று சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கம் உருவிக்கொண்டிருந்தாள். வாசல் பக்கத்து வைக்கோல் கையால் அழுத்திவிட்டதுபோல் படிந்திருந்தது. நான் கையை நுழைத்தேன்.

"யம்மா, அங்க கைய வுடாத! பாம்பு இருக்குதுன்னு அக்கா சொல்லச் சொன்னா," என்றான் மகன்.

கயிறு அங்கேதான் இருந்தது.

"எதுக்குடி ஒளிச்ச?"

அவள் வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தாள். "யாரு வர்றாங்க?"

"யாரும் வரலியே."

"பொய் சொல்ற. காளைய ஓட்டிக்கினு போனப்பவும் புதுக் கயிறுதான் வந்துச்சு."

போன கோடையில் காளையை விற்றோம். விற்கிற மாட்டோடு கயிற்றைக் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து கட்டி ஓட்டிப் போவார். பழையது வீட்டிலேயே இருக்கும், மாட்டு ராசி வீட்டை விட்டுப் போகாமலிருக்க. காளையின் கயிறு இன்னும் கொட்டகைச் சுவரில் தொங்குகிறது. அன்று அவள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"அது வாங்க வந்தவரு கொண்டாந்தது. இது நான் நம்ம மாட்டுக்கு வாங்கினது."

"அப்ப அந்த ஆளு கேட்டதுக்கு நீ ஏன் பாக்கலாம்ணேன்னு சொன்ன?"

திருப்பத்தூர்ப் பக்கத்து மாட்டுத் தரகர் ஒருவர் போன வாரம் கிடேரியைப் பார்த்துவிட்டுக் கேட்டது உண்மை. நான் அப்படிச் சொன்னதும் உண்மை. இந்த வருஷம் சாமை சரியாக விளையவில்லை. இருக்கிற வைக்கோல் கோடை வரை வராது. விற்பதாக முடிவு செய்யவில்லை. விற்பதில்லை என்றும் முடிவு செய்யவில்லை.

"கழுத்துல இருக்கிற பழைய கயித்த இன்னா பண்ணுவ?" என்றாள்.

"எடுத்து வைப்பேன்."

"காளையோடத எடுத்து வச்ச மாதிரியா?"

கயிற்றை அவள் கையிலேயே கொடுத்தேன்.

சாயங்காலம் கணவரிடம் பேசினேன். "வைக்கோலுக்கு இன்னா பண்றது?" என்றார். "மலைக்குக் கீழ ஊர்ல நெல் வைக்கோல் வாங்கலாம். புள்ளை முகத்தப் பாத்தீங்களா?" என்றேன். "போன் பண்ணிச் சொல்லிடு," என்றார்.

தரகரை அழைத்தேன். மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "ஸ்பீக்கர்ல போடு."

"கெடேரிய குடுக்கிறதா இல்லண்ணே."

"சரிம்மா. மனசு மாறிச்சின்னா ஒரு வார்த்த சொல்லு."

வைத்த பிறகும் அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மனசு மாறுமா?"

"மாறாது."

"அவரு மாறும்னு சொல்றாரே?"

"இவள வக்கீலுக்குப் படிக்க வச்சிடலாம்," என்றார் கணவர். அவள் சிரிக்கவில்லை. புதுக் கயிற்றைச் சுருட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் ஞாயிறு. அடுப்புக்குக்கூடப் போகாமல் பிள்ளைகளோடு முதலில் கொட்டகைக்குப் போனேன். கிடேரியின் கழுத்திலிருந்த பழைய கயிற்றை அவிழ்த்து, மகளின் கண்ணெதிரே அரிவாளால் துண்டு துண்டாக வெட்டினேன். துண்டுகளை மகன் அவரைப் பந்தல் கட்ட எடுத்துக்கொண்டு ஓடினான். அதன் பிறகுதான் அவள் புதுக் கயிற்றை நீட்டினாள். நான் முடிச்சுப் போட்டு முடித்ததும், ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.