இரண்டு மனுக்கள், ஒரு பிள்ளை

திங்கட்கிழமை காலை பத்தே கால் மணிக்கு வங்கி எழுத்தர் என் மனுவைத் திருப்பிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் அரை மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருந்ததால் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முட்கள் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

என் மகன் பிரான்சில் நான்காம் ஆண்டு மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். மாதக் கடைசிக்குள் கட்டணம் போய்ச் சேராவிட்டால் அவனைப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். முன்பெல்லாம் பணம் அனுப்புவது ஒரு கையெழுத்தோடு முடிந்த வேலை. இப்போது, அதுவரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. இந்தியாவிடமோ அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்தது. கடன் தரும் நாடுகள் தில்லிக்கு ஆள் அனுப்பி, எதற்கு எவ்வளவு செலவாகிறது என்று துருவுவதாகப் பத்திரிகையில் படித்தேன். ஆகவே வெளிநாட்டுக்குப் போகும் எந்தப் பணத்துக்கும் சென்னையிலுள்ள செலாவணிக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

"கடன் குடுக்குறவன் தில்லியக் கேக்குறான், தில்லி சென்னையக் கேக்குது, சென்னை உங்களக் கேக்குது டீச்சர்," என்றார் எழுத்தர். "இந்தப் பையனுக்கு நீங்க யாருன்னு."

எங்கள் ஊர்ப் பதிவேடுகளில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான். கல்யாணம் ஆனாலும் அது மாறாது. என் சம்பளப் பட்டியலிலும் அதுவே. மனுவிலும் அப்படியே எழுதியிருந்தேன். மகனின் பெயருக்குப் பின்னால் இருப்பது இறந்துபோன என் கணவரின் பெயர். இரண்டுக்கும் ஒட்டு உறவு இல்லை என்று சென்னையில் நினைத்துவிட்டார்கள்.

அங்கேயே நிதானமாக விளக்கக் கடிதம் எழுதியிருக்கலாம். பதற்றத்தில், கணவர் பெயரைச் சேர்த்துப் புதிதாக இன்னொரு மனு போட்டேன். ஒரே பிள்ளைக்கு இரண்டு பெயர்களில் இரண்டு தாய்மார். கையெழுத்து மட்டும் ஒன்று. பத்து நாள் கழித்து, விசாரணைக்கு ஆள் வரும் என்று பதில் வந்தது. மாணவர் பெயரைச் சொல்லிப் பணத்தை வெளியே கடத்துகிறவர்கள் இருக்கிறார்களாம்.

அதன்பிறகு வகுப்பில் கரும்பலகையில் எழுதிய கணக்கை நானே தப்பாகப் போட்டேன். பிள்ளைகள் திருத்தினார்கள். மகனுக்கு எழுதிய கடிதத்தில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று பொய் சொன்னேன்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது, மத்தியானம், விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தார். வயதில் என்னைவிடச் சின்னவர். பிறப்புச் சான்றிதழை நீட்டினேன். முழுக்கப் பிரெஞ்சு. அவருக்கு ஒரு வரியும் புரியவில்லை. நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டவர், சந்தேகப்படும் ஆளிடமே சாட்சி கேட்பது முறையில்லை என்று எழுந்துவிட்டார். மேரிக்கு, அதாவது எங்கள் நகராட்சி அலுவலகத்துக்கு, போய்ப் பதிவேட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்பதாகச் சொன்னார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

இரண்டு மணி நேரம் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். காப்பி ஆடை கட்டிப்போயிற்று. தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன்.

கடைசியில் வந்தவர் அவர்தான். உட்காரவில்லை.

"நீங்கதான் தாயாருங்க, அதுல சந்தேகமில்ல. இந்தத் தடவைக்கு அனுமதி குடுக்கலாம்னு இன்னைக்கே தந்தி அடிச்சிடுறேன். அடுத்த வருஷத்தப் பத்தி மட்டும் என்னக் கேக்காதீங்கம்மா. அது தில்லிக்கே இன்னும் தெரியாது."