சொதிக்கு எழுதாத சீட்டு

பந்தி விசாரிப்பவனுக்குக் கால் வலியும் குரல் கம்மலும் போக, மூன்றாவதாக ஒரு நோயும் உண்டு: சோற்றைப் பிசையும் விதம் கண்டே, அமர்ந்திருப்பவர் எந்த நாட்டார் என்று தீர்ப்பெழுதிவிடுவது. இத்தொழிலில் உழலும் அன்பர்கள் இதனை நன்கறிவீர்கள். கன்னியாகுமரியில் யாத்திரிகர் விடுதி ஒன்றின் உணவுக்கூடத்தில் முப்பது ஆண்டுகளாக நான் இவ்வேலை பார்த்துவருகிறேன். விடியலில் நீராடி, பதிகம் ஓதி, நீறணிந்த பிறகே கூடத்தில் கால் வைப்பேன். அணிந்த நீற்றுக்கு நான் தேடித் தந்த பெருமையைக் கீழே காண்க.

இலையில் ஊற்றிய பாயசம்

எங்கள் பக்கத்து விருந்தில் பாயசத்தைக் குவளையில் தருவதில்லை, இலையிலேயே ஊற்றுவோம். அதில் பழத்தைப் பிசைந்து, பப்படத்தை நொறுக்கிப் போட்டு, வழித்து உண்ண வேண்டும். குஜராத்திலிருந்து வந்த குழுவில் முதியவர் ஒருவர், பாயச வாளியைக் கண்டதும் குவளைக்காகக் கை நீட்டினார். கொடுத்திருக்கலாம், பின்னாலேயே இருநூறு குவளைகள் அடுக்கியிருந்தன. நானோ, "இந்த மண்ணில் இப்படித்தான்" என்று இலையைக் காட்டி, ஊற்றச் செய்து, அவர் எப்படி உண்கிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பாயசம் இலையின் விளிம்பு தாண்டி மேசையில் ஓடி, அவருடைய வெள்ளை வேட்டியில் இறங்கியது.

அவர் சினக்கவில்லை. சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். அவர்களுடைய வண்டியோட்டி மொழிபெயர்த்தார்: "எங்க ஊர்ல விருந்தாளிக்கு இனிப்பை முதல்ல தட்டுல வைப்போம். நீங்க கடைசியில வேட்டியில வைக்கிறீங்கன்னு ஐயா சொல்றார்."

சம்பா அரிசியின் சரித்திரம்

இளமையில் நான் சென்னையில் சிறிது காலம் பணியாற்றினேன். என் உணவுப் பாத்திரத்தில் சிவந்த சம்பாச் சோற்றையும் தேங்காய் எண்ணெய்ப் பொரியலான துவட்டலையும் கண்ட நண்பர்கள், நான் தமிழனே அல்லன் என்று முடிவு செய்திருந்தார்கள். அந்தக் காயம் ஆறவில்லை போலும். சென்ற ஆண்டு சென்னைக் குடும்பம் ஒன்று எங்கள் கூடத்தில் சோற்றைக் கண்டு, "இது கேரளா அரிசியாச்சே!" என்றதும், திருவிதாங்கூர் ஆட்சி தொடங்கி நாஞ்சில் நாட்டு வயல்கள் வரை நான் விளக்கத் தொடங்கிவிட்டேன். குழந்தைகள் இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தன. குழம்பை வெளம்ப, அதாவது பரிமாற, வாளியோடு எனக்குப் பின்னால் காத்து நின்ற தலைமைச் சமையற்காரர் மார்த்தாண்டத்துக்காரர். நாக்கில் எண்ணெய் தடவாதவர்.

"சாரே, அவியளுக்குப் பசிக்குது. நீங்க சரித்திரம் வெளம்பிட்டு நிக்கிய!"

காகிதக் குவளை

கூடத்தில் தரைக்கல் பதிக்க அசாமிலிருந்து நால்வர் வந்தார்கள். யாத்திரிகர்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் சாயா. அவர்களுக்கு மட்டும் காகிதக் குவளையில் கொடுக்கச் சொன்னேன். சொன்னதற்குக் காரணம் ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம். அதோடு நில்லாமல், "எங்கள் ஊர்ச் சாயா, குடித்துப் பாருங்கள்" என்று ஊர்ப்பெருமையும் பேசினேன். அவர்களுள் மூத்த கொத்தனார் ஒரு மிடறு பருகி, குவளைக்குள் பார்த்தபடி, பழகிய தமிழில் அமைதியாகச் சொன்னார்: "சார், தேயிலை எங்க ஊரு. சுடுதண்ணி மட்டும்தான் உங்க ஊரு."

பூதப்பாண்டிக்காரி

யோகேஸ்வரி எங்கள் அடுக்களைக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நான்கு வயதில் பெற்றோருடன் இலங்கையிலிருந்து படகேறி வந்தவர். இன்றும் அகதிகள் முகாமிலிருந்துதான் பேருந்து பிடித்து வேலைக்கு வருகிறார். காலையில் இடியப்பத்துக்கு அவர் வைக்கும் சொதி, தேங்காய்ப்பாலில் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் மணக்க, ஓடும் நீராய் இருக்கும். அதற்காகவே மறுமுறையும் எங்கள் விடுதியைத் தேடி வருவோர் உண்டு.

அப்படி வந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், "நம்ம நாட்டுச் சொதின்னா சும்மாவா! சமைச்ச அம்மா எந்த ஊரு?" என்று கேட்டார். யோகேஸ்வரி வாசலருகே நின்றிருந்தார். அவர் முகத்தில் சொல்வதற்கு ஒரு விடை தயாராக இருந்ததையும் கண்டேன். இருந்தும் நான் முந்திக்கொண்டு, எங்கள் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயரை எடுத்து, "பூதப்பாண்டி" என்றேன். முகாம் என்றால் நூறு கேள்வி வரும் என்று அஞ்சினேன். இறைவனுக்கு எல்லையில்லை என்று அன்று காலையில்தான் உருகி ஓதியிருந்தேன். பந்தி கலைந்ததும் யோகேஸ்வரி என்னிடம் வந்தார்.

"சமைச்சது நான்தானே ஐயா. பேரை மட்டும் ஏன் வேற ஊருக்குக் குடுத்தனீங்கள்?"

பாரத விருந்து

விடுதலை நாளன்று விடுதியில் பல மாநிலப் பதார்த்தங்களை வரிசையாக வைத்து விருந்தளிப்பது வழக்கம். ஒவ்வொன்றின் முன்னும் மாநிலத்தின் பெயரைச் சீட்டில் எழுதி வைப்பது என் பொறுப்பு. வங்காளத்து ரசகுல்லா, குஜராத்து டோக்ளா என்று எழுதிக்கொண்டு வந்தவன், அவியலில் சிக்கி அரைநாள் ஆலோசித்தேன். யாரும் மனம் நோகலாகாது என்று தமிழ்நாடு, கேரளம் என இரண்டு சீட்டு எழுதினேன். அடுத்ததாகச் சொதி. பேனா நின்றுவிட்டது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. யாரிடமும் நான் கேட்கவுமில்லை.

யோகேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு மேசையருகே வந்தார். "அவியலுக்கு ரெண்டு எழுதியிருக்கிறீங்கள். சொதிக்கு ஒண்டு எழுதுங்கோ ஐயா. இந்தியா எண்டாலும் சரி, இலங்கை எண்டாலும் சரி. சும்மா மட்டும் விட்டிடாதேங்கோ."

மறுநாள் சாம்பார்

சும்மாதான் விட்டேன். 'சொதி' என்று மட்டும் எழுதி, ஊர் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக வைத்தேன். விருந்தினர் ஒருவர் அதைச் சுட்டி, "இது எந்த மாநிலம்?" என்று வினவியபோது, அகப்பையோடு நின்ற யோகேஸ்வரி என்னைப் பார்த்தார். நான் செவியில் விழாததுபோல் தயிர்ச்சோற்றுப் பக்கம் நகர்ந்தேன்.

மறுநாள் காலை இடியப்பத்துக்குச் சாம்பார் வந்தது. அதற்கடுத்த நாளும் சாம்பாரே. மூன்றாம் நாள் அடுக்களை வாசலில் நின்று, "சொதி ஏன் வைப்பதில்லை அம்மா?" என்று கேட்டேன். அவர் பருப்பைக் கடைந்தபடியே, சற்றும் கடுமையின்றி விடை சொன்னார்: "சாம்பாரை ஆரும் எந்த ஊர் எண்டு கேக்கமாட்டினம் ஐயா. உங்களுக்கும் கரைச்சல் இல்லை."

இப்போது எங்கள் பந்தியில் நாட்டுச் சிக்கல் ஏதுமில்லை, சொதியுமில்லை. இந்த அமைதியை உண்டாக்கியவன் நானே என்று சொல்லிக்கொள்ளத்தான் நா கூசுகிறது.